தம்பியின் லென்ஸ் திரும்பிய பக்கம்

என் தம்பியை எங்கள் தெருவில் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் உயரம், ஒல்லி, கழுத்து நீளம். அதோடு ஓரிடத்தில் நின்றால் நின்றதுதான். சின்ன வயதில் அம்மா கடைக்கு அனுப்பினால் போகிற வழியில் எந்தக் குட்டை ஓரத்திலாவது நின்றுவிடுவான். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும். இப்போது அவனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. குணம் மட்டும் மாறவில்லை.

அவன் பள்ளி வேன் ஓட்டுகிறான். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து, தலை எண்ணி, கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் வண்டி நகரும். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையின் தண்ணீர் பாட்டில்கூட அவன் வண்டியில் தொலைந்ததில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பள்ளி விடும்வரை அவனுக்கு வேலை இல்லை. மற்ற ஓட்டுநர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். இவன் சதுப்புக்குப் போவான். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மண்கரை. கரைக்கு அந்தப்பக்கம் நாணலும் சேறும் முழங்கால் தண்ணீருமாக, கண்ணுக்கு எட்டினவரை சதுப்பு. கல்யாண வீடுகளில் படம் எடுத்துச் சலித்துப்போன ஒருவரிடமிருந்து கேமராவும், முழங்கை நீள லென்ஸும் வாங்கி வைத்திருக்கிறான். லென்ஸுக்கு உறை நான் தைத்தது. சேற்று நிறத் துணி, உள்ளே மெல்லிய பஞ்சு, நுனியில் சுருக்குக் கயிறு. எனக்குத் தையல் கடை இருக்கிறது. பெரும்பாலும் பழுது பார்க்கிற தையல்தான்: நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது.

பறவையைத் துரத்தக் கூடாது என்பான். தண்ணீர் எந்தப் பக்கம் வற்றும் என்று முதலிலேயே பார்த்து, அங்கே போய்ச் சேற்றில் குப்புறப் படுத்துவிட வேண்டும். மணல் அடைத்த பை ஒன்று, அதுவும் என் தையல்தான், அதன்மேல் லென்ஸை வைத்துக்கொள்வான். "அது கண்ணு இருக்கிற உயரத்துக்கு நம்ம கண்ணு இறங்கணும்க்கா" என்பான். தண்ணீர் வற்ற வற்றப் பறவைகள் தாமாக அவன் பக்கம் நடந்து வரும். குட்டை அலகு உள்ளான்கள் ஈரச் சேற்றின் ஓரத்தில் குத்திக்குத்தி ஓடும். அரிவாள் மூக்கன் கணுக்கால் தண்ணீரில் துழாவும். பவளக்கால் உள்ளான் இன்னும் ஆழத்தில், கால் நனைவதைப் பற்றிக் கவலையே இல்லாமல் நிற்கும். அப்படி ஒன்று, தண்ணீரில் தன் நிழலையே கொத்துகிற மாதிரி நிற்கும் படத்தை என் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் "எந்தக் கம்பெனி காலண்டர்?" என்று கேட்பார்கள். "எங்க வீட்டுக் கம்பெனி" என்பேன்.

அந்தக் கரையை ஒட்டி நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று உண்டு. தம்பியின் வேனில் ஏறும் பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கேதான். அதன் முதல் மாடியில், சதுப்பைப் பார்த்த வீட்டில், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா இருக்கிறார். அவரும் அவருடைய மகளும் மட்டும். மகளின் பள்ளிச் சீருடையைக் கொஞ்சம் நீளம் விட்டுத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார். ஒருநாள் காலை கடைக்கு வந்தவர் உட்காரவில்லை.

"அந்த யூனிஃபார்மைக் குடுத்துடுங்க."

"மடிப்பு பிரிச்சு வச்சிருக்கேன் மேடம். சாயங்காலம்..."

"பிரிச்சது பிரிச்சபடியே குடுங்க. நான் வேற இடத்துல பாத்துக்கறேன்."

ஏதாவது தப்பாகிவிட்டதா என்று கேட்டேன். அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க தம்பி கரையில இருந்து எங்க வீட்டு ஜன்னலைப் படம் எடுக்கறார். என் பொண்ணு ரூம் ஜன்னலை. ஒருநாள் ரெண்டு நாள் இல்ல, தினமும். நானே பாத்தேன், வாட்ச்மேனும் பாத்தார். ஸ்கூல்லயும் சொல்லிட்டேன், சங்கத்துலயும் எழுதிக் குடுத்துட்டேன்."

துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் வாயில் ஊசி இருந்தது. அதை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அன்று மதியமே பள்ளியிலிருந்து தம்பியைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புச் சங்கம் கூடுகிறது. அங்கே அவன் அவர்களுக்குத் திருப்தியாகப் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் திங்கள் காலை வேன் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில் பேர் கெட்ட ஓட்டுநரை வேறு எந்தப் பள்ளி சேர்க்கும்?

அவன் வீட்டுக்கு வந்து, வாசல் குழாயில் பூட்ஸ் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னடா எடுத்தே?"

"பறவைதான்க்கா."

"சதுப்பு அந்தப் பக்கம் இருக்கு. நீ சதுப்புக்கு முதுகைக் காட்டிட்டு, வீட்டுப் பக்கம் லென்ஸைத் திருப்பியிருக்கே. வீட்டுக்குள்ள என்ன பறவை?"

அவன் பூட்ஸின் அடியில் ஒட்டின மண்ணைக் குச்சியால் நோண்டினான். என் தம்பி பொய் சொல்ல மாட்டான். ஆனால் பேசாமல் இருக்கத் தெரிந்தவன். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் வேண்டாம் என்றவன், ஏன் என்று இன்றுவரை சொன்னதில்லை. ஊர் இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்கும். அன்று நானும் பார்த்தேன். அவன் சாப்பிடும்போது கையைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன். கேமராப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தான். வழக்கமாக அதை ஆணியில்தான் மாட்டுவான்.

மறுநாள் கடையைத் திறக்காமல் அவனுக்கு முன்னாலேயே கரைக்குப் போனேன். கரையின் வளைவில் ஒரு பழைய மோட்டார் கொட்டகை இருக்கிறது. அதன் மறைவில் நின்றேன். அவன் வந்தான், மணல் பையைக் கரையில் வைத்தான், படுத்தான். லென்ஸ் நேராகக் குடியிருப்பைப் பார்த்தது. முதல் மாடி ஜன்னல், நீலத் திரை. நான் போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன்.

"எழுந்திருடா. எழுந்திரு, நாயே."

"அக்கா, குனி! சத்தம் போடாதே, குனி!"

"யாருக்குடா நான் குனியணும்?"

அவன் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் படுக்க வைத்தான். "பாரு. நீயே பாத்துக்கோ" என்று கேமராவை என் பக்கம் தள்ளினான்.

ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். முதலில் நீலமாக ஏதோ கலங்கித் தெரிந்தது. அவன் வளையத்தைத் திருப்பினான். குடியிருப்புக்குப் பின்னால் ஜெனரேட்டர் அறை ஒன்று இருக்கிறது. ஒரே தளம்தான், தட்டைக் கூரை. எப்போதோ ஒழுகலைச் சரிசெய்தபோது கொட்டின ஜல்லி அப்படியே பரவிக் கிடக்கிறது. கரையும் அந்தக் கூரையும் ஒரே உயரம். ஜல்லிக்கு நடுவே ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. கறுத்த தலை, அலகுக்கு மேல் சிவப்புத் தோல், மஞ்சள் கால் மடங்கிக் கிடந்தது. ஆள்காட்டி. யாராவது சதுப்பில் கால் வைத்தால் ஊரைக் கூட்டிக் கத்துமே, அதேதான். அது எழுந்து அலகால் எதையோ புரட்டியது. கூழாங்கல் என்று நினைத்தேன். கல் இல்லை, முட்டை. நான்கு.

அதன் ஜோடி சதுப்பிலிருந்து பறந்து வந்து இறங்கியது. வயிற்று இறகு சொட்டச்சொட்ட நனைந்திருந்தது. முதல் பறவை விலக, நனைந்தது போய் முட்டைமேல் உட்கார்ந்தது.

"வெயில்ல கூரை கொதிக்கும்க்கா. அதான் வயித்தை நனைச்சுட்டு வந்து உக்காருது. இந்தத் தடவை சதுப்புல தண்ணி ஏறிடுச்சு, திட்டெல்லாம் முங்கிப்போச்சு. வேற இடம் இல்லாம இங்க வந்திருக்கு."

"இதை அந்த அம்மாகிட்ட சொல்றதுக்கு என்னடா கேடு?"

"சொன்னா கூடு போச்சு."

பறவை பார்க்கிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டாம். கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லக் கூடாது, குஞ்சு இறங்கின பிறகுதான் வாய் திறக்க வேண்டும். முன்பு ஒருமுறை பவளக்கால் உள்ளான் கூடு ஒன்றைத் தம்பி தன் குழுவில் சொல்லியிருக்கிறான். மறுநாள் ஏழெட்டு கேமரா வந்துவிட்டது. படம் தெளிவாக விழ வேண்டுமென்று ஒருவர் கூட்டை மறைத்த புல்லைக் கத்தரித்துவிட்டார். நிழல் போனது, மறைவும் போனது. மதியத்துக்குள் காக்கை வந்து ஒன்று விடாமல் தூக்கிவிட்டது.

"இங்க அதைவிட மோசம்க்கா. அந்தக் கூரை மறுபடி ஒழுகுதாம். தார் பூசணும்னு சங்கச் செயலாளர் ஆள் பேசிட்டார். கூடு இருக்குன்னு தெரிஞ்சா முதல் வேலையா கூட்டித் தள்ளிடுவார். இதுங்க கத்தறதுல தூக்கமே போச்சுன்னு ஏற்கனவே புலம்பறவர்."

"கூடு பெருசா, வேன் பெருசா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டும் கிடைக்காதுடா. அந்த அம்மாகிட்ட மட்டும் சொல்லிடலாம்."

"அவங்க போய்ச் செயலாளர்கிட்ட சொல்லிட்டா? பொண்ணு ஃபோன்ல போட்டுட்டா? வாட்ச்மேன் கூரை ஏறிப் பாத்துட்டா?"

ஊரே இவனைச் சந்தேகப்படுகிறது, இவன் ஊரையே சந்தேகப்படுகிறான். நான் எழுந்து மண்ணைத் தட்டினேன். "நீ சொல்ல வேணாம். நான் கூட்டிட்டு வரேன். நீ காட்டு, போதும்" என்றேன். அவன் வேண்டாம் என்று சொல்லாததையே சரி என்று எடுத்துக்கொண்டேன்.

வங்கி அம்மா கதவைச் சங்கிலி போட்டபடிதான் திறந்தார்.

"சமாதானம் பேச வந்தீங்களா?"

"இல்ல மேடம். அவன் எந்தக் கண்ணாடியில பாத்தானோ அதுல நீங்களும் ஒரு தடவை பாருங்க. அப்புறம் செருப்பைக் கழட்டணும்னாலும் கழட்டுங்க, நான் தடுக்க மாட்டேன்."

"தனியா வரணுமா?"

"நான் இருக்கேன்ல."

"நீங்க அவரோட அக்கா."

பிறகு அவரே சங்கிலியை எடுத்து, கையில் குடையோடு வந்தார். வெயிலுக்கா, அடிப்பதற்கா என்று எனக்குத் தெரியவில்லை.

கரையில் தம்பி எழுந்து நின்றான். முதல் வார்த்தையே கோணலாகப் பேசினான். "மேடம், ஃபோனைப் பையில வச்சுடுங்க."

"ஏன் வைக்கணும்? நான் யாருக்கும் ஃபோன் பண்ணக் கூடாதா?"

"படம் எடுத்துடக் கூடாதுன்னு..."

"நீங்க எடுக்கலாம், நான் எடுக்கக் கூடாதா?"

நான் குறுக்கே புகுந்து அவர் ஃபோனை வாங்கி என் இடுப்புப் பையில் போட்டேன். அவர் கடுகடுத்த முகத்தோடு மண்டியிட்டுக் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. ஜோடி மாறி உட்கார்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும், உதட்டுக்குள் "அட" என்றார். உடனே நிமிர்ந்தார்.

"இதுவரைக்கும் எடுத்ததைக் காட்டுங்க. எல்லாத்தையும்."

தம்பி கேமராவை அப்படியே அவர் கையில் கொடுத்தான். அவர் நக நுனியால் பொத்தானை அழுத்தி அழுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பறவை, பறவை, மறுபடி பறவை. பின்னால் நீலமாக ஒரு கறை, ஜன்னல் என்று சொல்லவே முடியாது. பறவைமேல் குறி வைத்தால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் அப்படிக் கரைந்துவிடும் என்று தம்பி சொன்னான்.

"இது எங்க திரைச்சீலைக் கலர்" என்றார் அவர். பிறகு, "உங்க லென்ஸுக்குப் பயந்து அந்தத் திரையை நான் திறக்கவே இல்ல. திறந்திருந்தா இது எனக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஃபோனை வாங்கிக்கொண்டார். "எத்தனை நாள் வாயை மூடிட்டு இருக்கணும்?"

"குஞ்சு இறங்கற வரைக்கும் மேடம்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு என்னையும் தம்பியையும் வரச் சொல்லியிருந்தார்கள். வண்டி நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டிருந்தது. எங்களுக்கு நாற்காலி இல்லை. செயலாளர் ஓய்வு பெற்ற சுங்க அதிகாரி. எந்தப் பையைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்கிற மாதிரியே பார்ப்பவர். அவர் தொண்டையைச் செருமுவதற்குள் வங்கி அம்மா எழுந்துவிட்டார்.

"நான் புகாரை வாபஸ் வாங்கறேன்."

"எதுக்கு?"

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

"அப்போ சரியானது என்ன?"

"அதை இப்போ சொல்ல முடியாது."

கூட்டம் சலசலத்தது. பின்வரிசையில் யாரோ, "கொக்கு என்ன மீனைப் போட்டுச்சோ" என்றார்கள். சிரிப்பு. வங்கி அம்மாவின் காது சிவந்தது. ஆனால் உட்காரவில்லை.

"இன்னொன்னு. ஜெனரேட்டர் ரூம் மேல தார் பூசறதைத் தள்ளிப் போடுங்க. பொண்ணுக்குப் பரீட்சை, அந்த வாசனை ஆகாது."

"பரீட்சை போன மாசமே முடிஞ்சிடுச்சே ஆன்ட்டி" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள்.

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார். புகார் கொடுத்தவரே திரும்ப வாங்கிவிட்டதால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பள்ளிக்கு அப்படியே எழுதிக் கொடுத்தார். தார் வேலையும் தள்ளிப்போனது. வேன் சாவி தம்பியிடமே இருந்தது. ஆனால் மறுநாள் செயலாளருடைய பேத்தி வேனுக்கு வரவில்லை. அடுத்த வீட்டு இரண்டு பையன்களும் வரவில்லை. மூன்று சீட்டு காலியாகவே போய் வந்தது. இன்னும் இரண்டு குறைந்தால் அந்தத் தடத்தையே எடுத்துவிடுவோம் என்றார்கள் பள்ளியில்.

வாட்ச்மேனுக்கு இப்போது புது வேலை, எங்களைக் கவனிப்பது. நான் கடைக்குப் போனால் கேட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார். வங்கி அம்மா என் கடைக்குள் நுழைந்தால் எதிர்ப்புறம் வந்து நின்று ஷூ கட்டுவார். அவர் போட்டிருந்தது செருப்பு. வங்கி அம்மா திரையை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துக் காலையும் மாலையும் கூரையைப் பார்ப்பார். அதையும் யாரோ பார்த்து, அவர் கரையில் இருக்கும் ஆளைப் பார்ப்பதாகக் கதை கட்டினார்கள். அந்தக் கதையை அவரே என்னிடம் சொன்னார், சீருடையைத் திரும்பக் கொண்டு வந்து கொடுக்கும்போது. "வேற இடத்துல மடிப்பைக் கோணலா அடிச்சுட்டாங்க" என்றார். உண்மைதான், கோணல்தான்.

ஒருநாள் காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தம்பி வீடு திரும்பின நேரம், வங்கி அம்மா எனக்கு ஃபோன் செய்தார். திருடன் பேசுவதுபோல் கிசுகிசுத்தார். "மூணு நடக்குது. ஒரு முட்டை அப்படியே கிடக்கு. தாய் கீழ இறங்கிக் கூப்பிடுது. சீக்கிரம்."

ஜெனரேட்டர் அறைக்கும் கரைக்கும் நடுவே குறுகலான பின் சந்து. நாங்கள் மூன்று பேரும் கரையடியில் நின்றோம். ஒரு ஆள்காட்டி சந்தில் நின்று, வழக்கமான கத்தலாக இல்லாமல், மெல்லக் கொக்கரிப்பதுபோல் கூப்பிட்டது. கூரை விளிம்பில் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு தலை தெரிந்தது. தம்பியின் கழுத்தில் கேமரா. இதற்காகத்தான் இத்தனை நாள் குப்புறப் படுத்திருந்தான்.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் சந்துக்குள் வந்தார், பின்னாலேயே வாட்ச்மேன். எங்களுக்கு எதிரே, கூரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பிடிச்சேன்! என்ன நடக்குது இங்க? மூணு பேரும் எதுக்கு நிக்கிறீங்க?"

அவர் தோளுக்குப் பின்னால் முதல் உருண்டை குதித்தது. விழுந்து, ஒருமுறை துள்ளி, எழுந்து நின்றது. நான் மேலே பார்த்தால் அவரும் திரும்புவார். திரும்பி ஒரு அடி வைத்தால் அது அவர் காலடியில்தான்.

"காத்து வாங்கறோம் சார்" என்றேன்.

"சாக்கடை ஓரத்துலயா?"

"சார், தண்ணீர் வரியைப் பத்தி உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்னு இருந்தேன்" என்றார் வங்கி அம்மா. ஒரு வங்கிக்காரர் பேசக்கூடிய அத்தனையும் பேசினார். இரண்டாவது குதித்தது. தம்பியின் வலது கை கேமராமேல் போனது. விரல் பொத்தானில் இருந்தது. அதைத் தூக்கினால் போதும், செயலாளர் திரும்பிப் பார்ப்பார். அவன் கையைக் கீழே இறக்கிப் பின்னால் கட்டிக்கொண்டான். மூன்றாவது குஞ்சு விளிம்பில் தயங்கித் தயங்கிக் கடைசியில் குதித்தது. தாய் முன்னே போக, மூன்றும் அவர்கள் முதுகுப் பக்கமாகவே சந்தின் கோடிக்குப் போய், கரை ஏறி, நாணலுக்குள் போயின. தம்பி வெறும் கண்ணாலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாணல் அசைவது நின்ற பிறகுதான் வாயைத் திறந்தான். "சார், இப்போ சொல்லலாம்."

எல்லாவற்றையும் சொன்னான். செயலாளர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"குஞ்சு குதிச்ச ஃபோட்டோ எங்க?"

"எடுக்கல சார்."

"கேமரா கழுத்துல தொங்குது, எடுக்கலையா?"

"நீங்க திரும்பிட்டா மிதிச்சுடுவீங்கன்னு எடுக்கல."

கூட்டில் பறவை உட்கார்ந்திருந்த படங்களைக் காட்டினான். "இது எந்தக் கூரையோ. இதெல்லாம் இப்போ கம்ப்யூட்டரிலேயே பண்றாங்க" என்றார். வாட்ச்மேனை ஏணி வைத்து ஏறச் சொன்னார். வாட்ச்மேன் பொரியாத முட்டையை உள்ளங்கையில் வைத்து இறங்கி வந்து, "சார், நெஜமாவே முட்டை சார்" என்றார். செயலாளர் அதை வாங்கி, சுங்கச் சோதனையில் நிற்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை நீங்களே கொண்டுபோய் மேல வச்சிருக்கலாமே" என்றார்.

ஆனாலும் அன்று மாலை குடியிருப்பு முழுக்கப் பேச்சு அதுதான். வாட்ச்மேன், தான் முட்டையைக் கையில் ஏந்தி இறங்கின கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் அந்த இரண்டு பையன்களும் வேனுக்கு வந்துவிட்டார்கள்.

அதற்கடுத்த நாள் செயலாளர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார். நான் அப்போது கடை திறக்கப் போய்க்கொண்டிருந்தேன். அவர் பேத்தியை ஏற்றிவிட்டார். பிறகு முன்கதவைத் திறந்து, தானும் ஏறி ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஸ்கூல் வரைக்கும் வரேன். ஒரு வாரம் பார்ப்பேன்."

தம்பி பின்னால் திரும்பித் தலைகளை எண்ணினான். இறங்கி வந்து கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். மறுபடி ஏறி உட்கார்ந்து சாவியில் கை வைத்தவன், அதைத் திருப்பாமல் காத்திருந்தான்.

"என்ன, எடுக்கலையா?" என்றார் செயலாளர்.

"சீட் பெல்ட் போடுங்க சார். அப்பத்தான் எடுப்பேன்."